இரணைதீவின் மாதா கோயிலும் பள்ளிக்கூடமும்

இராணுவம் தனக்கு இனி வேண்டாம் என்று கைவிட்ட நிலத்தைத் திருச்சபை பெற்றுப் பள்ளிக்கூடம் எழுப்பிய கதைகள் உலகில் உண்டு. வன்னியின் கதை அதற்குத் தலைகீழானது. இங்கே கோயிலும் பள்ளிக்கூடமும் முன்னரே இருந்தன. படை பின்னர் வந்தது.

பூநகரிப் பிரதேசத்துக்குரிய இரணைதீவு, பெயருக்கேற்ப இரட்டைத் தீவு. கத்தோலிக்க மீனவரின் ஊர். 1992இல் போர் அவர்களைக் கரைக்குத் துரத்தியது. முழங்காவிலை அண்டிய இரணைமாதா நகரில் குடியமர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்தது. கடற்படை முகாம் முடியவில்லை. தம் தீவைச் சுற்றிய கடலில் மீன்பிடித்துவிட்டு, தீவில் இரவு தங்க வழியின்றிக் கரைக்குத் திரும்புவதே அவர்களின் வாழ்வாயிற்று.

2017 மே 1 அன்று இரணைமாதா நகரில் மறியல் தொடங்கியது. அமைச்சுகளுக்கும் அதிகாரிகளுக்கும் மனுக்கள் போயின. ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தபின், 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடிகளைக் கட்டிய வள்ளங்களில் பெண்களும் முதியோரும் குருமாருமாகத் தீவை நோக்கிப் புறப்பட்டார்கள். இறங்கியதும் அவர்கள் சென்ற இடம் சிதைந்து கிடந்த மாதா கோயில். அங்கே செபித்தார்கள், பின்னர், திரும்பிப் போகமாட்டோம் என்றார்கள். மே மாத நடுப்பகுதியில் அமைச்சு அதிகாரிகளும் கடற்படையினரும் தீவுக்கே வந்து, அவர்கள் தங்குவதற்கு இசைந்தனர்.

இலங்கையில் 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் இருக்கிறது. அரசு எடுத்த காணி பொதுத் தேவைக்குப் பயன்படவில்லையாயின், சில நிபந்தனைகளோடு உரியவரிடம் திருப்பி ஒப்படைக்க அதன் 39அ பிரிவு இடமளிக்கிறது. ஆனால் வடக்கில் படையினர் வைத்திருந்த காணிகள் பல, முறைப்படி சுவீகரிக்கப்பட்டவையே அல்ல. எடுத்ததாக எழுதப்படாத காணியை எந்தப் பிரிவின்கீழ் திருப்பிக் கேட்பது? 'காணி விடுவிப்பு' என்று செய்தித்தாள்களில் நாங்கள் எழுதும் சொல்லே எனக்கு உறுத்தலானது. கொடுப்பவரின் பெருந்தன்மை அதில் தொனிக்கிறது. முல்லைத்தீவு கேப்பாப்புலவில் 2017 டிசம்பரில் 133 ஏக்கர் விடப்பட்டபோதும், அதற்கு முன்னே மாதக்கணக்கில் மக்கள் முகாம் வாயிலில் குந்தியிருந்தார்கள் என்பதே முதற்செய்தி.

இனிப் பள்ளிக்கூடம். வடபுலத்துச் சிற்றூர்களில் கோயிலடியில் பள்ளி என்பது மிசனரி காலத்து வழக்கம். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசுடைமையாயின. ஆயினும் 'றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை' என்ற பெயர் பலகைகளில் நிலைத்தது. ஆகவே, கோயிலைத் திருத்தத் திருச்சபையாலும் மக்களாலும் முடியும். பள்ளியைத் திறப்பதோ அரசின் கையில். ஆசிரியரை அனுப்ப வேண்டும், கட்டடம் வேண்டும், படகு வேண்டும்.

இரணைதீவில் இடறியது இங்கேதான். திரும்பிய முதலாண்டுகளில் பிள்ளைகள் கரையிலேயே படிக்க வேண்டியிருந்தது. தந்தை தீவில், தாயும் பிள்ளைகளும் இரணைமாதா நகரில் என்று குடும்பங்கள் பிரிந்தன. மீன்பிடி வாடியாக இருப்பதற்கு ஒரு தீவுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. ஊராக இருப்பதற்கு வேண்டும். கொழும்பிலிருந்து பார்ப்போருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

தெரியவில்லை என்பதற்குச் சான்றும் உண்டு. 2021 மார்ச் 2 அன்று, கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை இரணைதீவில் அடக்கம் செய்யலாம் என்று அரசு அறிவித்தது. ஆளில்லாத் தீவு என்று எண்ணினார்கள் போலும். முஸ்லிம்களும் அதை விரும்பவில்லை. மக்கள் குருமாரோடு மீண்டும் எதிர்த்து நின்றார்கள். சில நாள்களில் அடக்கத்துக்குரிய இடம் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கு மாற்றப்பட்டது.