வண்ண ஸ்லைடுகளில் தூசி நீக்கம்

பழைய வண்ண ஸ்லைடுகளை ஸ்கேன் செய்கையில் பதியும் தூசி, கீறல், பூஞ்சைத் தடம் ஆகியவற்றைப் படத்தின் கூர்மை குன்றாமல் அகற்றும் முறை. சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காடு போன்ற ஊர்களில் இதன் தேவை மிகுதி. மூடுபனியும் இரு பருவமழைகளும் தரும் ஈரம் நீடித்தால் பிலிமின் ஜெலட்டின் பூச்சில் பூஞ்சை பிடிக்கும்.

வரலாறு

வண்ண ஒளிப்படத்தை விற்பனையில் வெற்றிபெறச் செய்த பெருமை லூமியேர் சகோதரர்களுடையது. 1907இல் வெளிவந்த அவர்களது ஆட்டோகுரோம், சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களைப் பரப்பிய கண்ணாடித் தகடாகும். லியோபோல்ட் மான்ஸ், லியோபோல்ட் கோடௌஸ்கி என்ற இரு இசைக்கலைஞர்கள் உருவாக்கிய கோடாக்குரோமை ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1935இல் வெளியிட்டது. மறு ஆண்டே அது 35 மி.மீ. பிலிமாகக் கிடைத்தது, ஜெர்மனியின் அக்ஃபாகலரும் 1936இல் வந்தது.

தமிழ்நாட்டில், ஏற்காட்டின் மலையடிவாரத்தில், சேலம்–ஏற்காடு சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1956இல் கேவாகலர் வண்ணப் பிலிமில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை வெளியிட்டது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் இதுவே. ஸ்லைடைப் போல அந்தப் பிலிமிலும் உருவம் சாய அடுக்குகளால் ஆனது. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த கறுப்பு-வெள்ளைப் பிலிமிலோ உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. தூசி நீக்கும் முறையைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடே.

முறைகள்

சாயம் அகச்சிவப்புக் கதிரை ஊடுருவ விடும், தூசி மறிக்கும். எனவே அகச்சிவப்பில் எடுக்கும் தனிப் பதிவில் தூசியும் கீறலுமே தெரியும். மென்பொருள் அவ்விடங்களை மட்டும் நிரப்பும். நிக்கான் கூல்ஸ்கேன் கருவிகளில் இடம்பெற்ற டிஜிட்டல் ஐஸ் என்ற நுட்பம் இவ்வகையில் புகழ்பெற்றது. வெள்ளியும் கதிரை மறிப்பதால் கறுப்பு-வெள்ளைப் பிலிமுக்கு இது பயன்படாது. கோடாக்குரோமிலும் கதிர் ஓரளவு மறிக்கப்படுவதால் நுண்விவரம் அழியக்கூடும்.

அத்தகைய ஸ்லைடுகளுக்குக் கைமுறையே நம்பகமானது. முதலில் காற்று ஊதியாலும் மென்தூரிகையாலும் ஸ்லைடிலுள்ள தூசியை அகற்ற வேண்டும். பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும். ஆதலால் தண்ணீர் படக் கூடாது. 4000 பிபிஐ (அங்குலத்துக்கு 4000 பிக்சல்) ஸ்கேனில் ஒரு பிக்சல் 6.35 மைக்ரானைக் குறிக்கும். 50 மைக்ரான் தூசி ஏறக்குறைய 8 பிக்சல் அகலத்துக்குக் கரும்புள்ளியாக விழும். படத்திருத்த மென்பொருளின் தூசி வடிகட்டியைப் படம் முழுவதற்கும் போட்டால் இலை நரம்பும் கண்ணிமையும் சேர்ந்து மங்கும். அதைத் தனி அடுக்கில் போட்டு, புள்ளி உள்ள இடத்தில் மட்டும், பின்னணியைவிடக் கருமையான பிக்சல்களுக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். கூர்மையேற்றுவது கடைசி வேலை. முன்னதாகச் செய்தால் தூசியும் கூர்மையாகும்.

இன்றைய நிலை

கோடாக்குரோமைக் கழுவித் தந்த கடைசி ஆய்வகம் 2010 டிசம்பர் 30உடன் பிலிம்களைப் பெறுவதை நிறுத்தியது. இப்போது பலர் மேக்ரோ லென்ஸ் பொருத்திய டிஜிட்டல் கேமராவால் ஸ்லைடுகளைப் படியெடுக்கின்றனர். ஆனால் வழக்கமான கேமராக்களில் அகச்சிவப்புப் பதிவுக்கு வழியில்லை.