நெகட்டிவ் இல்லாதவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள்

 

புங்குடுதீவு இறுப்பிட்டியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பழைய கலியாணப் படம் ஒன்று இருக்கிறது. 1991 இடப்பெயர்வின்போது உடுப்புப் பெட்டிக்குள் போனதால் தப்பியது. நெகட்டிவ் இல்லை. பிள்ளைகள் அதை ஸ்கேன் செய்து பெரிதாக அச்சிட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் தலைமுடியும் கோட்டும் ஒரே கறுப்பு. பின்னால் நின்ற அம்மம்மாவின் முகம் நிழலோடு நிழலாகிவிட்டது. பழைய படத்திலோ அவரது மூக்குத்தி வரை தெரிகிறது. கேட்டதற்கு, “பிரின்டர் அப்படித்தான் அடிக்கும்” என்றார்களாம்.

அப்படித்தான் அடிக்கும் என்று விட வேண்டியதில்லை. இந்தச் சிக்கலுக்கு 130 வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

இங்கிலாந்தின் விட்னஸ் ஊரில் இரசாயனத் தொழிலில் இருந்த இருவர், பெர்டினன்ட் ஹர்ட்டரும் வெரோ சார்ல்ஸ் டிரிஃபீல்டும். படம் எடுப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஊகத்தில் வேலை செய்வது பிடிக்காமல், கண்ணாடித் தகட்டில் எவ்வளவு ஒளி விழுந்தால் எவ்வளவு கறுக்கிறது என்று அளந்து 1890இல் வெளியிட்டார்கள். கிடைத்தது நேர்கோடல்ல, இழுத்துவிட்ட ‘எஸ்’ எழுத்துப் போன்ற வளைவு. நடுப்பகுதி மட்டுமே நேர். இரு நுனிகளிலும் வெவ்வேறு ஒளிகள் கிட்டத்தட்ட ஒரே நிறமாகிவிடும்.

இன்றைய மைப் பிரின்டருக்கும் இதே கதைதான். கணினி 50 வீதம் என்று சொன்னாலும், மைத்துளி தாளில் பரவுவதால் அது இன்னும் இருட்டாக விழும். ஓர் அளவுக்கு மேல் மை ஊற்றினால் கறுப்பு கூடாது. தாள் ஊறி மை கசியும். அம்மம்மாவின் முகமும் பின்னாலிருந்த சுவரும் ஒன்றானது இப்படித்தான்.

மைப் பிரின்டர் நல்ல படங்களுக்கு வந்த கதையும் இழப்பில்தான் தொடங்குகிறது. பாடகர் கிரஹாம் நாஷ் எடுத்த படங்களின் மூல அச்சுகளும் நெகட்டிவ்களும் அனுப்பும் வழியில் தொலைந்தன. கண்காட்சிக்குப் படம் தேவை. கையில் மிஞ்சியவை சிறிய மாதிரி அச்சுகள். அவற்றை ஸ்கேன் செய்து, அச்சகங்கள் சோதனைப் பிரதி எடுக்கப் பயன்படுத்திய ஐரிஸ் பிரின்டரில் அச்சிட்டார்கள். 1991இல் கலிபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் பிறந்தது. பிறகு வெர்மொன்ட்டில் ஜோன் கோன், நிற மைகளுக்குப் பதிலாகக் கறுப்பையே பல அடர்த்திகளில் கலந்து ஊற்றும் பியேசோகிராபியை 2000ஆம் ஆண்டளவில் கொண்டுவந்தார். ரோய் ஹாரிங்டனின் குவாட்டோன் ரிப் மென்பொருள், சாதாரண எப்சன் பிரின்டரிலேயே மை எல்லையையும் வளைவையும் நாமே அமைக்க வழி செய்தது.

நம் நாட்டின் பெரும் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944இல் காலமான பின் அவரது நெகட்டிவ்களும் அழிக்கப்பட்டன. இன்று நாம் நம்பியிருப்பது அவர் காலத்து அச்சுகளைத்தான்.

எங்கள் கதை தெரிந்ததே. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டோம். யாழ்ப்பாண நகரில் தரப்பட்டது இரண்டு மணித்தியாலம். அந்த நேரத்தில் அல்பம் தேடியவர் எத்தனை பேர்? அடுத்த வருடம் தீவகத்துத் தமிழ் உறவுகளுக்கும் அதே நிலை. அதனால் எங்கள் இரு சமூகங்களிலும் பல வீடுகளில் ஒரு முகத்துக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது கடினமல்ல. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 5 வீதப் படிகளாக 21 கட்டங்களை, படம் போடப்போகும் அதே தாளில் அச்சிடுங்கள். ஓர் இரவு காய விடுங்கள். எந்தக் கட்டத்துக்குப் பிறகு கறுப்பு கூடவில்லையோ, அதுதான் மை எல்லை. அந்த எல்லைக்குள் மீண்டும் 21 கட்டங்களை அச்சிட்டு ஒவ்வொன்றையும் அளந்து, படிகள் சமமாக ஏறும்படி வளைவைத் திருத்துங்கள். இதையே லீனியரைசேஷன் என்கிறார்கள். அளவுக்கருவி இல்லாவிட்டால், தானியங்கித் திருத்தத்தை நிறுத்திய ஸ்கேனரும் ஓரளவு உதவும்.

தாள் மாறினால் மறுபடியும் அளக்க வேண்டும். நல்ல பளபளப்புத் தாளின் கறுப்பு ஒளியில் 1 வீதத்தையோ அதற்கும் குறைவாகவோதான் திருப்பும்; மங்கல் தாளின் கறுப்பு சுமார் 2.5 வீதம் திருப்பும். ஒன்றுக்குப் போட்ட கணக்கு மற்றதற்குச் சரிவராது.

எங்கள் மக்களின் நிறம், அம்மம்மாக்களின் சேலைத் தலைப்பு, உம்மாமாரின் முக்காட்டு நிழல் எல்லாம் அந்த வளைவின் இருண்ட பக்கத்தில்தான் இருக்கின்றன. அளக்காமல் அடித்தால் முதலில் போவது அவர்கள் முகம்.

வீட்டில் அப்படியொரு படம் இருந்தால் முதலில் நன்றாக ஸ்கேன் செய்து வையுங்கள். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். அச்சிடும் தம்பியிடம், “மை எல்லை பார்த்தீர்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.