இரண்டாம் ஆண்டு ஜப்பானியம்

பெங்களூரில் ஜப்பானிய மொழியின் கதையை நான் ஜாலஹள்ளியிலிருந்துதான் தொடங்குவேன். எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து 1961இல் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என் அப்பா. சொல்லிக்கொடுக்க வந்த ஜப்பானியர்கள் பற்சக்கரத்துக்கும் முள்ளுக்கும் ஸ்பிரிங்குக்கும் சொன்ன பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். இலக்கணம் அதில் ஒரு வரி கிடையாது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. சாந்திநிகேதனில் தாகூர் வரவேற்ற ஜப்பானியம் ஓவியத்தோடும் ஜூடோவோடும் வந்தது. எங்கள் ஊருக்கு அது ஸ்க்ரூடிரைவரோடு வந்தது. அந்த வருகையை நான் ஒரு படி கூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டுத் தொழில்நுட்பப் பணியாளர்களைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு வரவழைக்க 1959இல் ஏ.ஓ.டி.எஸ். என்ற அமைப்பு உருவானது. பட்டறையில் நிற்கப்போகிறவனுக்கு என்ன பேச்சு வேண்டுமோ அதை வைத்தே அவர்கள் பாடநூல் எழுதினார்கள். 1990இல் வந்த ‘ஷின் நிஹோங்கோ நோ கிசோ’ அந்த வழியில் வந்த நூல். அதில் ராவ் என்று ஓர் இந்தியர் வருவார். தொழிற்சாலை, பயிற்சி, இயந்திரம் என்றுதான் பாடங்கள் நகரும். 1998இல் அதன் இடத்துக்கு ‘மின்ன நோ நிஹோங்கோ’ வந்தது. நாயகன் மில்லர் ஒரு கம்பெனி ஊழியர். ராவ் போய்விட்டார், மில்லரின் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் குப்தா வந்தார். பட்டறையிலிருந்து அலுவலகத்துக்கு மாறிய நம் நகரத்தின் கதையை இந்த இரண்டு பெயர்களிலேயே நான் படித்துவிடுவேன். டொயோட்டா கிர்லோஸ்கர் 1997இல் தொடங்கி, பிடதியில் கார்கள் வெளிவரத் தொடங்கிய காலமும் அதுதான். மென்பொருள் கம்பெனிகள் ஜப்பானிய வாடிக்கையாளருக்காக ஆள் தேடியதும் அப்போதுதான்.

நான் படித்தது பெங்களூர் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில், சென்ட்ரல் கல்லூரி வளாகத்தில். முதல் ஆண்டு சர்டிபிகேட், இரண்டாம் ஆண்டு டிப்ளமோ. முதல் ஆண்டில் பெஞ்சு நிரம்பியிருக்கும். டிப்ளமோவுக்கு வந்தால் பாதி காலி. ஆட்கள் விலகியதற்கு மொழி கடினம் என்பது மட்டும் காரணமில்லை. அந்தப் படிக்கு அன்று சந்தையில் மதிப்பே இல்லை.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் 15 நாடுகளில், ஏறக்குறைய 7,000 பேரோடு தொடங்கியபோது நான்கு நிலைகள் இருந்தன. நான்காம் நிலைக்கு கான்ஜி என்னும் சீன எழுத்துகள் 100, சொற்கள் 800. எங்கள் டிப்ளமோவுக்கு ஈடான மூன்றாம் நிலைக்கு 300 எழுத்துகள், 1,500 சொற்கள், 300 மணி நேரப் படிப்பு. அடுத்த நிலையோ ஒரே தாவலில் 1,000 எழுத்துகள் கேட்டது. கம்பெனிகள் கேட்டதும் அந்த இரண்டாம் நிலையைத்தான். மூன்றாம் நிலைச் சான்றிதழை யாரும் வாங்கிக்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பள்ளத்தைத் தூர்க்கத்தான் 2010இல் ஐந்து நிலைகளாக்கி, நடுவே என்-3 வைத்தார்கள். பழைய மூன்றாம் நிலை என்-4 ஆயிற்று. அதில் தேர்ச்சிக்கு 180க்குக் குறைந்தது 90 வேண்டும்.

ஆனால் மொழி மொழியாக உருக்கொள்வது இந்தப் படியில்தான். ‘மின்ன நோ நிஹோங்கோ’வின் இரண்டாம் புத்தகம் 26ஆம் பாடத்தில், குப்பையை எங்கே போடுவது என்று மில்லர் கேட்பதில் தொடங்குகிறது. 50ஆம் பாடத்தில் அவர் பேச்சுப்போட்டியில் வென்று நன்றி சொல்கிறார். இடையில் வினைகள் ஒன்றோடொன்று கைகோக்கின்றன. ‘தபெதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘கைதே ஓகு’ என்றால் எழுதி வை. ‘தபெதே ஷிமாவு’ என்றால் சாப்பிட்டுவிடு. ஆங்கில வழியில் இதைச் சொல்லிக்கொடுத்தால் ஒரு பக்கம் விளக்கம் வேண்டும். காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியிலிருந்து என் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு ஒரு மூச்சு போதும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். “திந்து நோடு” (தின்று பார்) என்று கடைக்காரர் நீட்டும் பழத்தை வாங்கித் தின்று வளர்ந்த பிள்ளை அது. கண்டோன்மென்ட் வந்த நாளிலிருந்து காக்ஸ் டவுனைச் சுற்றி இந்த இருமொழி வாழ்க்கை இருந்துவருகிறது. அதை வகுப்பறை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்வது பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ, தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பல ஆண்டுகள் வாதிட்டார். யாழ்ப்பாணத்து சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு உழைத்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. என் மாணவர்கள் கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்வேன். உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறது, வினை கடைசியில் நிற்கிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. எனக்கு அது போதும். அ, இ, உ, எ, ஒ என்ற ஜப்பானிய உயிர் வரிசையின் பின்னணியில் சித்தம் என்ற இந்திய எழுத்தோடு சென்ற ஒலியியல் இருப்பது மட்டும் உறுதியான வரலாறு. 736இல் ஜப்பான் போய்ச் சேர்ந்து, 752இல் நாராவின் பெரிய புத்தருக்குக் கண் திறந்துவைத்த போதிசேனர் இந்தியத் துறவிதான்.

என்-4இன் மதிப்பு மாறியது கடந்த சில ஆண்டுகளில். 2019 ஏப்ரலில் ஜப்பான் ‘குறிப்பிட்ட திறன்’ விசாவைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் இந்தியா அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பெரும்பாலான துறைகளில் மொழித் தகுதிக்கு என்-4, அல்லது அதற்கு ஈடான ஜே.எஃப்.டி. தேர்வு. முதியோர் பராமரிப்புக்குப் போகிறவர்கள் அந்தத் துறைக்கென்று தனியாக ஒரு மொழித் தேர்வும் எழுத வேண்டும். யாரும் கேட்காமல் கிடந்த படி விசாவுக்கு வாசலாகிவிட்டது. என் வகுப்பில் இப்போது எஞ்சினியர்களைவிட நர்சிங் படித்த பெண்கள் அதிகம். டிப்ளமோ பெஞ்சு நிரம்பியிருக்கிறது.

எனக்கு ஒரு கவலையும் உண்டு. ஏஜென்ட் சொன்ன தேதிக்குள் சான்றிதழ் வேண்டும் என்று வருகிறவர்கள் 49, 50ஆம் பாடங்களைத் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். மரியாதைப் பேச்சும் பணிவுப் பேச்சும் அங்கேதான் இருக்கின்றன. எஞ்சினியர்களுக்கு நடத்திய காலத்தில் அவை கடைசி வாரத்து அவசரப் பாடங்கள். “சென்செய், இதெல்லாம் பரிட்சைக்கு வருமா?” என்று கேட்பார்கள். இப்போது நான் வரிசையை மாற்றிவிட்டேன். எழுந்து உட்காரக்கூட ஒரு கை தேவைப்படுகிற பாட்டியிடம், தொடுவதற்கு முன்னால் எப்படி அனுமதி கேட்பது என்பதில் பாடம் ஆரம்பிக்கிறது. நம் வீட்டுப் பாட்டியிடம் ‘எழுந்திருங்கோ’ என்று சொல்லும் அதே குரலில் அதைச் சொல்லிப் பழகச் சொல்கிறேன். குப்பை பற்றிய 26ஆம் பாடத்தை அதற்கு அடுத்த வாரம்தான் எடுக்கிறேன்.