துணை அதிபர் யார்? 1944ஆம் ஆண்டுச் சிகாகோ மாநாடு

அரசன் மறைந்தால் அவன் மகன் அரியணை ஏறுவான் என்பது முடியாட்சியின் முறை. மக்களாட்சியில் அம்முறைக்கு இடமில்லை. ஆளும் பொறுப்பில் உள்ளவர் இடையில் மறைவாராயின் அவர் இடத்தை நிரப்புவார் யார் என்பதை மக்கள் முன்னரே வகுத்து வைத்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டம் இதற்கென ஏற்படுத்திய பதவியே துணை அதிபர் பதவியாகும். செனட் சபைக்குத் தலைமை தாங்குவதும், அங்கு வாக்குகள் சமமாக நின்றால் தம் வாக்கை அளிப்பதும் சட்டம் அவருக்கு வகுத்த பணிகள். அவற்றினும் பெரியது, அதிபருக்கு ஏதேனும் நேர்ந்தால் அவர் பொறுப்பை ஏற்பது.

தொடக்கத்தில் இப்பதவிக்குத் தனித் தேர்தல் இல்லை. மிகுதியான தேர்வாளர் வாக்குகளைப் பெற்றவர் அதிபர். அவருக்கு அடுத்து நின்றவர் துணை அதிபர். இதனால் 1796ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜான் ஆடம்ஸ் அதிபராக, அவரை எதிர்த்து நின்ற தாமஸ் ஜெபர்சனே துணை அதிபராக வந்து அமர்ந்தார். 1800ஆம் ஆண்டுத் தேர்தலிலோ ஒரே கட்சியினரான ஜெபர்சனும் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றனர். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பின்னரே ஜெபர்சன் அதிபரானார். இக்குழப்பத்திற்கு முடிவு கட்டவே 1804ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் திருத்தம் வந்தது. இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என்பது அன்று முதல் முறையாயிற்று. அதிபர் வேட்பாளர் தமக்குத் துணையாக யாரைக் கொள்வார் என்னும் ஊகம் தேர்தல்தோறும் எழுவதற்கும் அதுவே வழி திறந்தது.

இவ்வூகங்களுக்கு அடிப்படையாக அமைவது பெரும்பாலும் வாக்குக் கணக்கே. வேட்பாளர் வடமாநிலத்தவரானால் துணைவர் தென்மாநிலத்தவராக இருத்தல் நலம். முன்னவரிடம் இல்லாதது பின்னவரிடம் இருத்தல் வேண்டும் என்று கணிப்பர். 1960ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கென்னடி, டெக்சாஸ் மாநிலத்து ஜான்சனைத் துணையாகக் கொண்டது இக்கணக்குக்குத் தக்க சான்று. ஆயினும் வரலாறு மற்றொரு கணக்கையும் வைத்திருக்கின்றது. 1841 முதல் 1963 வரை அதிபர் எண்மர் பதவியில் இருக்கும்போதே இறந்தனர். எட்டு முறையும் துணை அதிபரே நாட்டை ஆள வந்தார். கென்னடியின் துணைவராக வாக்குக் கணக்கால் வந்த ஜான்சனே அவ்வெண்மருள் இறுதியானவருக்குப் பின் ஆண்டார். இவ்விரு கணக்குகளும் ஒன்றோடொன்று மோதிய ஆண்டு 1944. அவ்வாண்டின் நிகழ்ச்சிகளைச் சற்று விரிவாக நோக்குவோம்.

மறைக்கப்பட்ட நோய்

1933 முதல் ஆட்சி புரிந்து வந்த பிராங்க்ளின் ரூசுவெல்ட், 1944ஆம் ஆண்டில் நான்காம் முறையாகத் தேர்தலில் நிற்க முடிவு செய்தார். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் பெதெஸ்டா கடற்படை மருத்துவமனையில் ஹோவர்ட் புரூயென் என்னும் இதய நோய் மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. இதயம் பெருத்துத் தளர்ந்திருந்தது. அதிபருக்கு அப்போது வயது 62.

இச்செய்தி நாட்டுக்குச் சொல்லப்படவில்லை. அதிபரின் தலைமை மருத்துவர் அவர் உடல்நலம் அவர் வயதுக்கு ஏற்றவாறு நன்றாகவே உள்ளது என்றே கூறி வந்தார். தம் நோய் எத்தகையது என்று ரூசுவெல்ட்டும் கேட்டாரில்லை. புரூயென் தம் குறிப்புகளை வெளியிட்டது 1970ஆம் ஆண்டில்தான். எனினும் கட்சித் தலைவர்களுக்குக் கண் இருந்தது. அவர் முகம் வெளிறியதையும் உடல் மெலிந்ததையும் அவர்கள் அருகிருந்து கண்டனர். நான்காம் ஆட்சிக் காலத்தை அவர் முடிக்கமாட்டார் என்று அவர்களுட் சிலர் உறுதியாகவே எண்ணினர்.

ஊகத்தில் இருந்த பெயர்கள்

அன்றைய துணை அதிபர் ஹென்றி வாலஸ். 1940ஆம் ஆண்டில் கட்சியினர் பலர் முணுமுணுத்தபோதும் ரூசுவெல்ட் வற்புறுத்தி அமர்த்தியவர் அவர். தொழிலாளரும் கறுப்பின மக்களும் அவரை நேசித்தனர். தென்மாநிலத்துத் தலைவர்களும் நகரங்களின் கட்சி முதல்வர்களும் வெறுத்தனர். 1944ஆம் ஆண்டில் பசிபிக் பகுதியைக் குறித்து அவர் எழுதிய சிறு நூலில், ஆசியாவில் அந்நிய ஆட்சிக்கு உட்பட்ட நாடுகள் விடுதலை பெறல் வேண்டும் என்று வாதிட்டார். இந்தியா, பர்மாவோடு மலாயாவும் அந்நாடுகளுள் அடங்கும். ஆங்கிலேயர் இதனை விரும்பவில்லை.

மற்றொருவர் ஜேம்ஸ் பர்ன்ஸ். போர்க்காலப் பொருளாக்கத்தை நடத்திய ஆற்றல் மிக்கவர். எனினும் இனப் பிரிவினையை ஆதரித்த தென் கரோலினாக்காரர் என்பதால் கறுப்பின மக்களின் வாக்கு போய்விடும். கத்தோலிக்க சமயத்தில் பிறந்து அதனை விட்டவர் என்பதால் கத்தோலிக்கர் வருந்துவர். தொழிற்சங்கத் தலைவர் சிட்னி ஹில்மனோ அவரை ஏற்க மறுத்தார்.

மூன்றாமவர் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ். நான்காமவர் மிசௌரி மாநிலத்துச் செனட்டர் ஹாரி டுரூமன். உழவராகவும், முதல் உலகப் போரில் பீரங்கிப் படைத் தலைவராகவும், பின் துணிக்கடை வைத்து நட்டப்பட்டவராகவும் இருந்தவர். போர்ச் செலவை ஆராய்ந்த செனட் குழுவுக்குத் தலைமை தாங்கி நற்பெயர் ஈட்டியவர். அவர்பால் பேரன்பு கொண்டார் மிகப் பலர் இல்லை; பகைத்தாரும் இல்லை. வாக்குக் கணக்கில் அதுவே அவருடைய பெருஞ்செல்வமாயிற்று.

ஜூலை 11ஆம் நாள் இரவு வெள்ளை மாளிகையில் கட்சித் தலைவர் சிலர் ரூசுவெல்ட்டுடன் கூடி ஒவ்வொரு பெயராக ஆராய்ந்து டுரூமனிடம் வந்து நின்றனர். ஆனால் ரூசுவெல்ட் எவரிடமும் ஒரே சொல்லைச் சொல்லவில்லை. தாம் மாநாட்டு உறுப்பினராக இருந்தால் வாலசுக்கே வாக்களிப்பேன் என்று மாநாட்டுத் தலைவருக்கு ஒரு மடல் எழுதினார். கட்டளையிட மட்டும் விரும்பவில்லை என்றார். டுரூமன், டக்ளஸ் இருவருள் எவரோடு நிற்பதும் தமக்கு மகிழ்ச்சியே என்று கட்சித் தலைவர் ஹானகனுக்கு மற்றொரு மடல் தந்தார். பர்ன்சுக்கும் நம்பிக்கை ஊட்டியிருந்தார். டுரூமனோ இவை ஒன்றும் அறியாமல், பர்ன்சின் பெயரை மாநாட்டில் முன்மொழிவதாக வாக்களித்திருந்தார்!

மாநாட்டு மன்றத்தில்

ஜூலை 19ஆம் நாள் மாநாடு கூடியது. சிகாகோ நகரத்து விடுதியறையில் இருந்த டுரூமன், தமக்கு இப்பதவி வேண்டா என்றே சொல்லி வந்தார். ஹானகனும் பிறரும் சான் டியாகோவில் இருந்த ரூசுவெல்ட்டைத் தொலைபேசியில் அழைத்தனர். போரின் நடுவே கட்சியைப் பிளக்க அவர் விரும்பினால் அப்பழி அவரையே சாரும் என்று ரூசுவெல்ட் கூறியது அறையில் இருந்தோர்க்கெல்லாம் கேட்டது. டுரூமன் இசைந்தார்.

ஜூலை 20ஆம் நாள் இரவு மன்றம் வாலஸ் பக்கம் திரும்பியது. அவர் பெயரை முழங்கிக்கொண்டு மக்கள் ஆரவாரித்தனர். செனட்டர் கிளாட் பெப்பர் அவர் பெயரை முன்மொழிய மேடையை நோக்கி விரைந்தார். அவர் மேடையை அடையுமுன் மாநாடு அன்றைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் முதல் வாக்கெடுப்பில் வாலஸ் 429½, டுரூமன் 319½. இருவர்க்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டாம் வாக்கெடுப்பில் மாநிலம் மாநிலமாக வாக்குகள் இடம் மாறின. முடிவில் டுரூமன் 1,031, வாலஸ் 105. வெற்றி பெற்றவர் மிகச் சிறிய நன்றியுரை ஒன்றை ஆற்றி அமர்ந்தார்.

எண்பத்திரண்டு நாள்

ஆகஸ்டு 18ஆம் நாள் டுரூமன் வெள்ளை மாளிகைக்கு உணவுக்குச் சென்றார். காப்பியில் பாலேட்டை ஊற்றும்போது ரூசுவெல்ட்டின் கை நடுங்கியதைக் கண்டார். விமானத்தில் பயணம் செய்ய வேண்டா என்று அவர் டுரூமனுக்கு அறிவுரை கூறினார். இருவருள் ஒருவரேனும் உயிரோடிருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் ஆட்சியின் மறைபொருள்களை அவர் டுரூமனுக்கு உணர்த்தினாரில்லை.

1945 ஜனவரி 20ஆம் நாள் டுரூமன் துணை அதிபரானார். 82 நாள் கழிந்து, ஏப்ரல் 12ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் ரூசுவெல்ட் மூளை இரத்தக் கசிவால் மறைந்தார். அன்று மாலையே டுரூமன் உறுதிமொழி ஏற்றார். அதன்பின் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் அவரைத் தனியே கண்டு, பேரழிவு ஆற்றல் கொண்ட புதிய வெடிபொருள் ஒன்று உருவாகி வருகின்றது என்று சுருக்கமாகத் தெரிவித்தார். முழு விளக்கம் ஏப்ரல் 25ஆம் நாளே கிட்டியது. 1943ஆம் ஆண்டில் டுரூமனின் செனட் குழு அத்திட்டத்தின் தொழிற்சாலைகளை ஆராய முற்பட்டபோது, வேண்டா என்று தடுத்தவரும் அதே ஸ்டிம்சனே. அணுகுண்டு உருவாவதை அறியாத ஒருவரே நான்கு திங்களுக்குள் அதனைப் பயன்படுத்தும் முடிவுக்குப் பொறுப்பேற்றார். ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமா. 9ஆம் நாள் நாகசாகி. 15ஆம் நாள் ஜப்பானின் சரண். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மூன்றரை ஆண்டு நிலவிய ஜப்பானியர் ஆட்சி முடிவுற்றதும் அதன் விளைவே.

வாலஸ் இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று வினவுவோர் உளர். நிகழாததற்கு வரலாற்றில் விடையில்லை. ஆனால் நிகழ்ந்ததைக் கொண்டு ஒன்று கூறலாம். எந்த மாநிலம் மகிழும், எந்தச் சங்கம் வருந்தும், எந்தச் சமயத்தார் வாக்களிப்பர் என்றெல்லாம் 1944ஆம் ஆண்டு ஊகங்கள் கேட்டன. இவருள் நாட்டை ஆளத் தக்கவர் யார் என்னும் வினாவை மன்றத்தில் எழுப்ப வழியில்லாதபடி, அதனை எழுப்பும் காரணமே மறைக்கப்பட்டிருந்தது. அறிந்த சிலர் அறைக்குள் அடுத்த அதிபரைத் தேர்ந்தனர். அறியாத பலர் மன்றத்தில் துணை அதிபரைத் தேர்ந்ததாக எண்ணினர்.

துணை அதிபர் இடம் வெறுமையானால் அதனை நிரப்பும் வழியை 1967ஆம் ஆண்டின் இருபத்தைந்தாம் திருத்தம் வகுத்தது. டுரூமன் அதிபரானபின் 1949 ஜனவரி வரை துணை அதிபரே இல்லாதிருந்த நிலை இனி நேராது. ஆயினும் தகுதியை ஆராயும் கடமையை எந்தத் திருத்தமும் மக்கள் கையினின்று எடுத்துக்கொள்ள இயலாது. வேட்பாளரின் துணைவர் யார் என்னும் ஊகம் எழும்போதெல்லாம், எத்தனை வாக்குக் கொணர்வார் என்று கேட்பதற்கு முன், நாளையே ஆள நேர்ந்தால் ஆள வல்லவரா என்று கேட்டல் வேண்டும். சிகாகோ மாநாடு கற்பிக்கும் பாடம் இதுவே.