வீட்டுத் திரையின் வரலாறு: படமெறி கருவியும் தட்டைத் திரைத் தொலைக்காட்சியும்

வீட்டிலிருந்தவாறே திரைப்படங்களைப் பெருந்திரையிற் காண விரும்புவோர் இன்று இரு வழிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியவராக உள்ளனர். ஒன்று, சுவரிலோ வெண்திரையிலோ ஒளியை வீழ்த்திப் படங்காட்டும் படமெறி கருவி. பேச்சுவழக்கில் ‘புறொஜெக்டர்’ எனப்படுவது இதுவே. மற்றையது, ஒளியைத் தன்னகத்தே கொண்ட தட்டைத் திரைத் தொலைக்காட்சி. இத்தெரிவு விலையையும் அளவையும் கொண்டு கடைத்தெருவிலே தீர்க்கப்படும் ஒன்றாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆயின், பெட்டியினுள் நோக்குவதா, சுவரிலே காண்பதா என்னும் இவ்வினா நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றை நோக்குமிடத்து, வெற்றி தோல்வியை நிர்ணயித்தவை இரு காரணிகள் என்பது புலனாகும். ஒரு கருவி எத்தனை பேருக்குப் பயன்படுகின்றது என்பது முதலாவது. காண்போர் இருளிலே கூடியிருக்க ஆயத்தமாக உள்ளனரா என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துளையினுள் நோக்கலும் திரையிற் காணலும்

ஒளியால் உருவங்களைச் சுவரில் வீழ்த்தும் ‘மாய விளக்கு’ பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒல்லாந்த விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659ஆம் ஆண்டில் அதற்கான சித்திரங்களை வரைந்துள்ளார். விளக்கு, கண்ணாடியில் தீட்டிய படம், வில்லை ஆகிய மூன்றுமே அதன் உறுப்புகள். இன்றைய படமெறி கருவியின் அடிப்படையும் இதுவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

அசையும் படங்கள் முதன்முதலிற் பொதுமக்களிடம் வணிகமாகச் சென்றபோது, அவை சுவரிற் காட்டப்படவில்லை. எடிசனின் ஆய்வுகூடத்தில் டிக்சன் என்பாரின் உழைப்பால் உருவான ‘கினெற்றோஸ்கோப்’ ஒரு மரப்பெட்டியாகும். அதன் மேலுள்ள துளையூடாக ஒருவர் மட்டுமே குனிந்து நோக்கலாம். 1894 ஏப்பிரல் 14ஆம் திகதி நியூயோர்க் நகரில் இத்தகைய பத்துப் பெட்டிகளுடன் ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. ஐந்து பெட்டிகளைப் பார்ப்பதற்கு 25 சதம் அறவிடப்பட்டது. பத்துப் பெட்டிகள் இருந்தும் ஒரே வேளையிற் பத்துப் பேருக்கு மேல் படம் பார்க்க இயலாது.

இதற்கு மாறாக, 1895 டிசெம்பர் 28ஆம் திகதி பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர் கட்டணம் பெற்று நடத்திய காட்சியில், ஒரு கருவி ஓர் அறை முழுவதற்கும் படங்காட்டியது. முதற் காட்சிக்கு வந்தோர் முப்பத்து மூவரே எனினும், அதே கருவி முந்நூறு பேருக்கும் காட்டவல்லது. பார்வையாளர் பெருகுந்தோறும் ஒருவருக்குரிய செலவு குறைந்தது. இந்தப் பொருளாதார நியாயத்தின் முன் தனியாள் பெட்டி நிலைக்கவில்லை. 1896 ஏப்பிரலில் எடிசனின் பெயராலேயே ‘வைற்றாஸ்கோப்’ என்னும் படமெறி கருவி நியூயோர்க்கில் அறிமுகஞ் செய்யப்பட்டது. முதற் போட்டியில் வென்றது சுவரே எனலாம்.

படமெறி கருவி வீடு புகுதல்

திரையரங்கில் வென்ற கருவியை வீட்டுக்குக் கொணரும் முயற்சிகள் விரைவிலேயே தொடங்கின. 1912இல் எடிசன் நிறுவனமும் பதே நிறுவனமும் வீட்டுக்கெனக் கருவிகளை வெளியிட்டன. 1922இல் பதே நிறுவனத்தின் 9.5 மில்லிமீற்றர் முறையும், 1923இல் கொடாக் நிறுவனத்தின் 16 மில்லிமீற்றர் முறையும், 1932இல் அதே நிறுவனத்தின் 8 மில்லிமீற்றர் முறையும் தொடர்ந்தன. தீப்பற்றும் இயல்பு குறைந்த படச்சுருள் பயன்படுத்தப்பட்டமையாலேயே இவை வீடுகளுக்கு ஏற்றனவாயின.

எனினும், இவை அன்றாட வாழ்வின் பகுதியாகவில்லை. திரையை விரித்து, படச்சுருளை மாட்டி, விளக்கணைத்து, அனைவரையும் ஒருங்கே இருத்திய பின்னரே காட்சி தொடங்கும். வீட்டின் ஏனைய வேலைகள் யாவும் அவ்வேளையில் நின்றுவிடும். ஆகவே படமெறி கருவி பிறந்தநாள், விடுமுறை போன்ற விசேட வேளைகளுக்குரியதாகவே அமைந்தது. திரையரங்கில் இருள் நுழைவுச் சீட்டோடு சேர்த்து வாங்கப்படுவது. வீட்டிலோ அதனை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

பெட்டியின் மீள்வருகை

எடிசன் கைவிட்ட பெட்டி, தொலைக்காட்சியின் வடிவில் வேறொரு வழியால் மீண்டது. 1926 சனவரியில் ஜோன் லோகி பெயர்ட் இலண்டனில் தமது தொலைக்காட்சியைச் செய்து காட்டினார். 1936 நவெம்பர் 2ஆம் திகதி பி.பி.சி. நிறுவனம் ஒழுங்கான தொலைக்காட்சிச் சேவையை ஆரம்பித்தது. திரையரங்கில் மக்கள் படத்தை நாடிச் சென்றனர். இங்கோ படம் மக்களை நாடி வந்தது. நிகழ்ச்சியைத் தயாரிக்கும் செலவு நாடு முழுவதற்கும் பொதுவாக, வீட்டார் ஒரு பெட்டியை மட்டும் வாங்கினாற் போதுமானதாயிற்று. அப்பெட்டியின் கதோட்டுக் கதிர்க் குழாய் தானே ஒளிவிட்டமையால் விளக்கணைக்கும் தேவையும் இருக்கவில்லை. ஒருவர் படிக்க, ஒருவர் சமைக்க, மற்றொருவர் படம் பார்க்கலாம்.

எமது நாட்டின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1979 ஏப்பிரல் 13ஆம் திகதி சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவையும், 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அக்காலத்திற் பெட்டி உள்ள வீட்டில் அயலவர் கூடுதல் வழக்கமாயிருந்தது. பெட்டிகள் பெருகியதும் அவ்வழக்கம் அருகியது. கூடியிருத்தல் பெட்டியின் இயல்பால் நிகழ்ந்ததன்று. பெட்டியின் அருமையால் நிகழ்ந்தது என்பதை இது காட்டுகின்றது.

ஆயினும் பெட்டிக்கு ஒரு குறை இருந்தது. திரை பெரிதாகுந்தோறும் வெற்றிடக் குழாயின் கண்ணாடியும் தடித்துக் கனத்தது. 1980களின் இறுதியில் சோனி நிறுவனம் உருவாக்கிய 43 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சி ஏறத்தாழ 200 கிலோகிராம் நிறையுடையது. இந்த எல்லையைக் கடக்கவே தொலைக்காட்சிப் படத்தை எறியும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 1947இல் அமெரிக்க ஆர்.சி.ஏ. நிறுவனம், சிறு குழாயின் படத்தை ஆடிகளாற் பெருப்பிக்கும் வீட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. 1970களின் தொடக்கத்தில் ஹென்றி குளொஸ் என்பார் மூன்று குழாய்களைக் கொண்ட ‘அட்வென்ற்’ கருவியால் 7 அடி மூலைவிட்டமுள்ள திரையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனினும் அதன் ஒளி மங்கலாயிருந்தமையால் தனிப்பட்ட வளைதிரையும் இருண்ட அறையும் வேண்டப்பட்டன. இருள் என்னும் பழைய நிபந்தனை இங்கும் நீங்கவில்லை.

தட்டைத் திரையின் எழுச்சி

குழாய்க்கு மாற்றான பிளாஸ்மாத் திரை 1964இல் இல்லினோய் பல்கலைக்கழகத்திற் பிற்சர், சுலொற்றோ, வில்சன் ஆகியோராற் கணினிவழிக் கல்விக்கென உருவாக்கப்பட்டது. திரவப் பளிங்குத் திரையை 1968இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் அறிவித்தது. ஆனால் இவை பெருந்திரைத் தொலைக்காட்சிகளாக வீடுகளை அடைய முப்பது ஆண்டுகளாயின. 1997இல் அமெரிக்காவில் 42 அங்குலப் பிளாஸ்மாத் தொலைக்காட்சியின் விலை ஏறத்தாழ 15,000 டொலராக இருந்தது.

விலை வீழ்ச்சிக்கு முக்கிய காரணம் உற்பத்தி முறையாகும். ஒரு பெரிய கண்ணாடித் தகட்டிலிருந்து பல திரைகளை ஒருங்கே வெட்டியெடுக்கலாம். தகடு பெரிதாகுந்தோறும் ஒரு திரைக்குரிய செலவு குறையும். 2009இல் யப்பானின் சக்காய் நகரில் ஷார்ப் நிறுவனம் திறந்த தொழிற்சாலையில் ஏறத்தாழ 3 மீற்றர் நீள அகலமுள்ள தகடுகள் கையாளப்பட்டன. 2007இன் இறுதிக் காலாண்டிலேயே திரவப் பளிங்குத் தொலைக்காட்சிகள் உலக விற்பனையிற் குழாய்ப் பெட்டிகளை விஞ்சியிருந்தன. 2013, 2014ஆம் ஆண்டுகளிற் பெருநிறுவனங்கள் பிளாஸ்மாத் தயாரிப்பைக் கைவிட்டன. சக்காய் தொழிற்சாலையிலும் 2024இல் தொலைக்காட்சித் திரை உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதற்குள் இத்தொழிலின் மையம் சீனாவுக்குப் பெயர்ந்திருந்தது.

இதே காலத்திற் படமெறி கருவியும் வளர்ச்சி கண்டது. 1987இல் லாரி ஹோர்ன்பெக் என்பார் எண்ணற்ற நுண்ணாடிகளைக் கொண்ட சில்லை உருவாக்கினார். 1989இல் எப்சன், ஷார்ப் ஆகிய நிறுவனங்கள் திரவப் பளிங்குப் படமெறி கருவிகளை வெளியிட்டன. நீல ஒளிகாலும் இருவாயியின் கண்டுபிடிப்பை அடுத்து வந்த நீல லேசர், காலத்துக்குக் காலம் மாற்றவேண்டிய விளக்கின் இடத்தைப் பெற்றது. 2013இல் எல்.ஜி. நிறுவனம், சுவருக்கு மிக அருகே வைத்து 100 அங்குலப் படங்காட்டும் லேசர்க் கருவியை வெளியிட்டது.

ஆயினும் பௌதிக விதி மாறவில்லை. மூலைவிட்டம் 50 அங்குலத்திலிருந்து 100 அங்குலமாகும்போது திரையின் பரப்பு நான்கு மடங்காகும். அதே ஒளி நான்கு மடங்கு பரப்பிற் பரவுவதால் பிரகாசம் காற்பங்காகக் குறையும். மேலும், எந்தக் கருவியாலும் கருமையை எறிய முடியாது. படத்திலுள்ள கருமை என்பது ஒளி விழாத திரையே. அறை எவ்வளவு இருண்டதோ, படமும் அவ்வளவே கறுக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, படமெறி கருவி வென்ற இடமெல்லாம் பலர் ஒன்றுகூடி இருளை ஏற்றுக்கொண்ட இடமாகும்; பெட்டி வென்ற இடமெல்லாம் படம் பார்த்தலோடு ஏனைய வாழ்வும் இயங்கவேண்டிய இடமாகும். இன்று பெருந்திரைத் தொலைக்காட்சிகள் மலிந்துவிட்டமையால், அளவு ஒன்றே படமெறி கருவிக்குரிய தனிச்சிறப்பு என வாதிடுவது கடினமாகி வருகின்றது. பகலிலும் செய்தி பார்க்கும் வீட்டுக்கு, யன்னல்களை மறைக்க வழியில்லாத கூடத்துக்கு, தட்டைத் திரையே பொருத்தமானது. இருளாக்கத்தக்க ஓர் அறையும், இரண்டு மணிநேரம் சேர்ந்திருக்கும் மனமும் உள்ள வீட்டுக்குப் படமெறி கருவி இன்னும் தக்கதே.

ஆனால் வரலாற்று மாணவர் இங்கு அவதானிக்க வேண்டியது ஒன்றுண்டு. எடிசனின் துளைப்பெட்டி 1896இல் அழிந்துவிட்டது என நாம் எண்ணினோம். இன்று கைபேசியினுள் தனித்தனியே குனிந்திருக்கும் ஒரு குடும்பத்தைக் காணும்போது, அப்பெட்டி வேறுருவிற் பெருகியிருப்பதை உணர்கின்றோம். இந்நிலையில் வீட்டுக்கு ஒரு பெருந்திரையை வாங்குவோர், அறிந்தோ அறியாமலோ, கூடியிருத்தலுக்கு ஓர் இடத்தை ஒதுக்குகின்றனர். அவ்விடத்துக்கு எக்கருவி உகந்தது என்பதை அங்குலக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. அவ்வீட்டார் எந்த வேளையில், எத்தனை பேராக, எவ்வாறு ஒன்றுசேர்கின்றனர் என்பதே அதனைத் தீர்மானிக்க வேண்டும்.