கறுப்பு ஸ்டவுட்டும் கள்ளுப் பிளாவும்

புத்தூரில், நிலாவரைக் கிணற்றுக்குச் செல்லும் வீதியோரத்தில் என் நண்பர் ஒருவரின் வீடு இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்திருந்த அவருடைய மகன், லயன் ஸ்டவுட் போத்தல் ஒன்றைத் திறந்து எங்கள் முன் வைத்தான். மதுவின் சுவையை எழுத இதுவா இடம் என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும், நாவில் பட்டதைச் சொல்லாமல் அதன் வரலாற்றைச் சொல்ல இயலவில்லை.

குவளையை விளக்கின் முன் பிடித்தாலும் ஒளி புகவில்லை. விளிம்பில் மட்டும் சற்றே செம்மை. நுரையோ பனங்கட்டியின் நிறம். வறுத்த கோப்பிக்கொட்டையின் மணம் முதலில் எழுந்தது. வாயில் வைத்ததும் பாகின் இனிப்பும் முந்திரிகை வற்றலின் புளிப்பும். அவற்றைத் துரத்திக்கொண்டு வந்தது கருகிய தானியத்தின் கசப்பு. விழுங்கிய பின் நெஞ்சில் ஒரு சூடு. மதுசாரம் 8.8 சதவீதம் என்கிறது போத்தல். கள்ளின் வலிமை இதற்குக் கீழேதான்.

“அந்தக் காலத்திலை இதை மருந்தெண்டுதான் சொல்லுவினம்” என்றார் நண்பர். கள்ளை அப்படிச் சொன்னவர் உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

இந்தக் கறுப்பு மதுவின் பிறப்பைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் தெருக்களிலும் ஆற்றுத்துறைகளிலும் மூட்டை சுமந்த கூலிகள் விரும்பிக் குடித்த பியருக்கு அவர்கள் பெயரே நிலைத்தது: ‘போர்ட்டர்’, அதாவது சுமைகூலி. அதன் வலிமை மிகுந்த வகைதான் ஸ்டவுட். அதையே மேலும் காரமாக வடித்து ருஷ்ய அரசி கத்தரீனாவின் அரசவைக்குக் கப்பலேற்றினர் லண்டன் வணிகர்; ‘இம்பீரியல்’ என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. அச்சொல்லை நாம் ‘ஏகாதிபத்தியம்’ என்று மொழிபெயர்த்து, வேறு காரணங்களுக்காக உச்சரித்து வந்திருக்கிறோம்! 1817-ல் டானியல் வீலர் என்பவர், முளைகட்டி உலர்த்திய பார்லியைக் கோப்பிக்கொட்டைபோல் உருளையிலிட்டு வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கருமையும் கசப்பும் அந்த உருளையில் பிறந்தவை.

இலங்கைக்கு இது தோட்டத் துரைமாரின் பின்னே வந்தது. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டு வளர்க்க முனைந்தார் சாமுவேல் பேக்கர். லயன் மதுவாலை தன் தொடக்கமாகக் குறிப்பது 1881ஆம் ஆண்டை. ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர் நொதித்தலுக்கு உதவியது. பார்லி மட்டும் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. நானுஓயாவுக்கு 1885-ல் ரயில் வந்தது. அந்த மலைகளைக் கோப்பிக்கும் தேயிலைக்குமாகத் திருத்தியவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மக்கள். 1948-ல் அவர்களுக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டதை நாடறியும். மதுவாலை 1990களில் மலையிறங்கிப் பியகமவுக்குப் போயிற்று.

புத்தூரில் பனைக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கினால் கருப்பநீர், தடவாவிடில் கள். ஆண்பனைக் கள், பெண்பனைக் கள், காலைக் கள், அந்திக் கள் என்று நாவால் பகுத்துச் சொல்லும் முதியவர்களை நான் அறிவேன். லயன் ஸ்டவுட்டின் சுவையை மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர், பியரைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்) உலகறிய எழுதினார். இந்த முதியவர்களின் நாவை எழுதியவர் யார்?

அவர்களுக்குக் கிடைத்தது சட்டம்தான். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ், அனுமதியின்றிப் பாளை சீவுவது குற்றம்; கள் விற்க உரிமம் பெற்ற தவறணை வேண்டும். சட்டத்தைவிடக் கொடியது ஊர் வழக்கம். தளநாரைக் காலில் மாட்டி உயிரைப் பணயம் வைத்து மரமேறியவனின் கையிலிருந்து பிளாவை வாங்கிக் குடித்த அதே பெரியமனிதர், அவன் தேநீர்க்கடையில் மூக்குப்பேணியைத் தொட்டால் சீறினார். அவனுக்குத் தேநீர் சிரட்டையிலோ பழைய போத்தலிலோதான். 1957-ல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் கடைகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21-ல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் சங்கானையிலும் மாவிட்டபுரத்திலும் நடந்த போராட்டங்களுமே அவற்றைத் திறக்க வைத்தன. 1970களில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. தவறணைகள் அவர்கள் கைக்கு வந்தன. கள்ளும் போத்தலில் அடைபட்டது.

போத்தலில் அரைவாசி மீதமிருந்தது. நண்பர் அதை மகன் பக்கம் தள்ளிவிட்டு, சங்கத் தவறணை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டார்.