துப்பாக்கியும் சாப்பாட்டுத் தட்டும்

1990களின் தொடக்கம். எங்கள் சேரிச் சுவரில் சிறுத்தை வரைந்து கொண்டிருந்தோம். விறகுக் கட்டோடு வந்த ஆயா ஒருத்தி நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "செவுத்துல படம் போடுறீங்க, செரி. புள்ளைங்களுக்கு என்னாடா போடுவீங்க?" சிரித்தோம். அவள் கேட்டதற்குப் பதில் அந்தச் சிறுத்தையின் வரலாற்றிலேயே இருந்தது என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

1966இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது மதுரைக்கும் வந்தது. பெயர் வந்தது, தொப்பியும் துப்பாக்கியுமாகப் படங்கள் வந்தன. சாப்பாட்டுத் தட்டு மட்டும் வந்து சேரவில்லை.

ஓக்லாந்தில் 55ஆவது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடத்தில் பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் வண்டியில் அடிபட்டுச் செத்தார்கள். சிக்னல் விளக்கு கேட்டால் நகராட்சி நாள் கடத்தியது. 1967இல் கட்சிக்காரர்கள் துப்பாக்கியோடு சாலையில் இறங்கினார்கள். வண்டிகளை நிறுத்திக் குழந்தைகளைச் சாலை கடக்க வைத்தார்கள். அந்த வருஷமே விளக்கு வந்தது.

1969 ஜனவரியில் அதே நகரின் புனித அகஸ்டின் தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கியது. பாதிரியார் ஏர்ல் நீல் இடம் கொடுத்தார். சபையைச் சேர்ந்த ரூத் பெக்ஃபோர்ட் வேலைகளை ஒழுங்குபடுத்தினார். முதல் நாள் வந்தவர்கள் 11 பேர், வாரக் கடைசியில் 135 பேர். கடைக்காரர்களிடம் பொருள் கேட்க ஒரு கூட்டம், விடிவதற்குள் சமைக்க ஒரு கூட்டம், பரிமாற ஒரு கூட்டம் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பெரும்பாரத்தைச் சுமந்தவர்கள் பெண்கள். கட்சிக்குள் ஆணாதிக்கமும் வன்முறையும் இருந்தன, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எரிக்கா ஹக்கின்ஸ் போன்ற பெண்கள் நடத்திய பள்ளிக்கூடம் 1982 வரை நின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1969 மே மாதம் எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் தன் அதிகாரிகளுக்கு எழுதிய குறிப்பில், கட்சியை ஒழிக்கும் வேலைக்குப் பெரிய அச்சுறுத்தலாக இந்தக் காலை உணவையே காட்டினார். சிகாகோவில் உணவுத் திட்டத்தை முன்னின்று நடத்திய ஃப்ரெட் ஹாம்ப்டனை அதே ஆண்டு டிசம்பர் 4 விடியற்காலையில் போலீஸ் அவர் வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. வயது 21.

பிள்ளைக்குக் கொடுக்கும் சோற்றைக் கண்டு அரசு ஏன் நடுங்க வேண்டும்? துப்பாக்கி பிடித்தவனைச் சட்டம் காட்டி அடைக்கலாம். பசித்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது, யார் அதை அழைத்து வருவது என்று ஒரு தெரு தானே கூடி முடிவெடுத்துவிட்டால், அந்தத் தெரு இனி யார் வாசலிலும் கைகட்டி நிற்காது. ஆண்டைகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

நம் மாநிலத்தில் அரசே சோறு போடுகிறது. 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு. இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான். ஆனால் நான் படித்த பள்ளிக்கூடத்தில் எங்கள் வரிசை தனி. வயிறு நிறைந்தது, தலை நிமிரவில்லை. அதைக் கேட்க எங்கள் தெருவிலிருந்து ஓர் ஆள் வரவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை மறித்தார்கள். உடனே அந்தப் பெண்ணைத்தான் இடம் மாற்றினார்கள். தலித் அமைப்புகள் திரண்டு நின்ற பிறகே அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சோறு அரசுடையது. அதன் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் நாம்.

அந்த ஆயா இப்போது இல்லை, அந்தச் சுவரும் இடிந்துவிட்டது. தோழர்களே, உங்கள் சேரியில் இன்றைக்கு எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்ல நாலு பேராவது இருக்கிறார்களா?